பினாங்கு இளைஞர் பூங்காவில் குடும்பத்தோடு ஒரு நாள்: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை தொடங்கியதுமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கோ போய்ப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அப்பா மனத்துக்குள் கணக்குப் போடுவார். அம்மா, "அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம்" என்பார்.

கணக்கு என்று பார்த்தால் அது சின்னக் கணக்கு இல்லை. பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுச் சீட்டே நூறு வெள்ளிக்கு மேல் போகிறது. அப்பா, அம்மா, அக்கா, தம்பி என நான்கு பேர் என்றால் 400 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. அதாவது மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய கால்வாசி, இன்னும் பெட்ரோல் போடவில்லை, சாப்பிடவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஜோர்ஜ்டவுன் இளைஞர் பூங்காவைப் பற்றிப் பேசுகிறோம். பழைய பாணி, சின்ன இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. கெடா, வட பேராக், செபராங் பிறை தோட்டங்களில் இருந்தும் தாமான்களில் இருந்தும் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் இலவசம் என்பதற்காகத் திட்டம் இல்லாமல் போனால் பாதி நாள் சாலையிலும் மீதி நாள் சலிப்பிலும் போய்விடும்.

என்ன இடம் இது?

யூத் பார்க் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். தண்ணீர்மலைப் பக்கம், பெர்சியாரான் குவாரி சாலையில் இருக்கிறது. 1972-இல் திறக்கப்பட்டது. பினாங்கு தீவு மாநகர் மன்றம் பராமரிக்கிறது. மலையடிவாரத்தில், பெரிய மரங்களின் நிழலில், ஊஞ்சல், சறுக்கு மரம், ஏறி இறங்கும் கம்பிக்கூண்டுகள், சக்கரக் காலணி ஓட்டும் தளம், சின்னப் பிள்ளைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத குளங்கள், நடைபாதைகள். இவ்வளவுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ராட்டினம் இல்லை, தலைகீழாகச் சுற்றும் வண்டி இல்லை, மின்விளக்கு ஜொலிக்கும் வாசல் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "தீம் பார்க் போறோம்" என்று சொல்லி அழைத்துப்போனால் வாசலிலேயே முகம் சுருங்கும். "குளத்துல இறங்கலாம், குரங்கு பார்க்கலாம், மலைக்கோயில் ஏறலாம், திரும்பும்போது ஐஸ் கச்சாங்" என்று சொல்லுங்கள். சொன்னது எல்லாம் கிடைத்தால் பிள்ளைக்கு அது நல்ல நாள். என் அனுபவத்தில் ஐந்து முதல் பதினோரு வயது வரை உள்ள பிள்ளைகள் இங்கே நன்றாக ஆடுவார்கள். பதினான்கு வயதுப் பையன் அரை மணி நேரத்தில் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவான். அவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பினாங்கில் கேளிக்கைப் பூங்கா என்றாலே ஒரு காலத்தில் நியூ வோர்ல்ட் பார்க்தான். சிங்கப்பூரில் 1923-இல் நியூ வோர்ல்ட் வந்தது, 1931-இல் கிரேட் வோர்ல்ட். இதே பாணியில் கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பார்க், ஈப்போவில் ஜூபிலி பார்க், பினாங்கில் பர்மா சாலையை ஒட்டிய சுவாத்தாவ் சந்தில் நியூ வோர்ல்ட். மேடை, சினிமா, நடனக்கூடம், குத்துச்சண்டை, தின்பண்டக் கடைகள் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். தொலைக்காட்சி வந்ததும் அவை ஒவ்வொன்றாக மங்கின. புக்கிட் பிந்தாங் பார்க் இருந்த இடத்தில்தான் இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. பினாங்கு நியூ வோர்ல்ட் பார்க்கின் பெயர் மட்டும் தப்பித்தது. அதே இடத்தில் இப்போது சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த வளாகம் இருக்கிறது. சுவாத்தாவ் சந்தில் பெயர் வாங்கிய ஐஸ் கச்சாங் கடைகள் அதற்குள் வந்துவிட்டன. நாளின் கடைசியில் அங்கே போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ராட்டினம் கட்டாயம் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், சுங்கை நீபோங் திடலில் ஆண்டுக் கடைசியில் நடக்கும் பினாங்கு பெஸ்தாவுக்குக் காத்திருங்கள். அது மாலை, இரவுக் கூத்து. பகல் பயணத்தோடு அதைச் சேர்த்தால் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள்.

எந்த நாளில் போவது?

கெடா மாநிலக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. அதனால் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பினாங்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி. பூங்காவும் குளமும் கூட்டமில்லாமல் கிடைக்கும். அப்பாவுக்கு வேலையிடத்தில் வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்குமானால் அந்த நாளையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பினாங்குக்கு வெள்ளி வேலை நாள் என்பதால் காலை 7-இலிருந்து 9 மணி வரை பாலத்தில் தீவை நோக்கிய நெரிசல் இருக்கும். ஒன்று, ஏழு மணிக்கு முன்பே பாலம் ஏறிவிடுங்கள். இல்லையென்றால் ஒன்பது தாண்டிப் புறப்படுங்கள். மாலையில் இது தலைகீழ்: ஐந்திலிருந்து ஏழரை வரை பெருநிலம் நோக்கி வண்டி நகராது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை அதிகம், அதிலும் பிற்பகலில்தான் கொட்டும். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் விளையாட்டை எல்லாம் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியாக இருக்கும், ஆனால் தைப்பூசம் வரும். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலை வட்டாரமே பந்தல்களும் காவடியுமாக இருக்கும், சாலைகள் மூடப்படும். சாமி கும்பிடப் போவது வேறு. பிள்ளைகளை விளையாட வைக்க அந்த வாரத்தில் போகாதீர்கள்.

குளங்களைக் கழுவவும் பழுது பார்க்கவும் மூடுவதுண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் மாநகர் மன்றத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள், அல்லது மன்றத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். குளத்துக்காகவே வரும் பிள்ளையிடம், "இன்னிக்கு மூடிட்டாங்க" என்று சொல்வது சிரமம்.

எப்படிப் போவது?

கார் இருந்தால் பாலம். 1985-இல் திறந்த முதல் பாலமானாலும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலமானாலும் காருக்குக் கட்டணம் உண்டு, தீவுக்குப் போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 2019-இலிருந்து கட்டணமே இல்லை. தண்ணீர்மலைக்கு முதல் பாலம்தான் சுருக்கு வழி. இரண்டாம் பாலம் தீவின் தெற்கே பத்து மாவ்ங்கில் கொண்டுபோய் விடும். நிபோங் திபால், பாரிட் புந்தார் பக்கத்திலிருந்து வருபவர்கள் வேண்டுமானால் அதை யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து பேர் உட்காரும் மைவியில் எட்டுப் பேர் போவது நம்மிடம் சகஜம். பாட்டி மடியில் ஒன்று, சித்தி மடியில் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று 2020-இலிருந்து சட்டம் இருக்கிறது. சம்மனை விடுங்கள், நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டு குடும்பமாகப் போனால் இரண்டு கார், அல்லது பாதிப் பேர் ரயிலில் வரட்டும்.

ரயிலும் ஃபெரியும் என்பதுதான் என் தேர்வு. பட்டர்வொர்த் நிலையத்துக்கு பாடாங் பெசார் பக்கமிருந்தும் பேராக் பக்கமிருந்தும் கொமுட்டர் ரயில் வருகிறது. சுங்கைப்பட்டாணி, புக்கிட் மெர்தாஜாம், பாரிட் புந்தார், தைப்பிங்காரர்களுக்கு இது தோது. இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே ஃபெரிக்குப் போய்விடலாம். இந்த ஃபெரி சேவை 1894-இல் தொடங்கியது. காரையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிப்போன பழைய இரண்டடுக்குக் கப்பல்களை நினைத்துக்கொண்டு யாரும் காரோடு போய் நிற்க வேண்டாம். 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார் ஏறுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் நடந்து வருவோரையும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களையும் மட்டும்தான் ஏற்றும். நடந்து ஏறுபவருக்குச் சில வெள்ளிதான் கட்டணம். டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை தேடி நிற்க வேண்டாம்.

கடல், கப்பல், எதிரே தெரியும் கோம்தார் கட்டடம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமே ஒரு விளையாட்டு. பாதிப் பயணம் அதிலேயே கைகூடிவிடும்.

தீவில் இறங்கியதும் ஜெட்டியிலேயே ரேப்பிட் பினாங்கு பேருந்து நிலையம். தாவரவியல் பூங்கா பக்கம் போகும் பேருந்து 10-ஆம் எண். அது அடிக்கடி வராது. நேரத்தைக் கைத்தொலைபேசிச் செயலியில் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நான்கைந்து பேர் என்றால் பேசாமல் கிராப் எடுத்துவிடலாம். காத்திருந்து பிள்ளைகள் வெயிலில் வாடுவதைவிட அது மேல்.

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வேன், பஸ் பிடித்துப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் தொழிற்சாலை வேனையும் பள்ளி வேனையும் "தெரிஞ்ச ஆளு, மலிவா வரேன்னாரு" என்று அமர்த்தாதீர்கள். சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றும் உரிமம் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிப் பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். 2025 ஜூனில் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு, 2025 ஜூலை 1 முதல், விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இடைவார் போடுவதைச் சாலைப் போக்குவரத்து இலாகா கண்டிப்பாக்கியது. முன்பணம் கொடுக்கும் முன்பே உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நாளை எப்படிப் பிரிப்பது?

நனைவதற்கு முன்னால் கோயில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஈரத் துணியோடும் களைத்த பிள்ளைகளோடும் பிறகு கோயிலுக்குப் போக முடியாது, மதியத்தில் நடையும் சாத்திவிடுவார்கள்.

தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். இப்போதிருக்கும் மலைக்கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. பதினான்கு வயதுப் பையனைப் பற்றிச் சொன்னேனே, அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு படி எண்ணி ஏறி, உச்சியில் இருந்து ஊரைப் படம் எடுத்து வரட்டும். முட்டி வலி உள்ள பாட்டியை அவசரப்படுத்தி ஏற்ற வேண்டாம். கீழே சாலையோரம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1857-இல் அமைத்த தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தேக்குத் தூண்களும் குளிர்ந்த தரையுமாக, வயதானவர்கள் நிம்மதியாக உட்காரலாம். மலையேறியவர்கள் இறங்கி வரும் வரை பாட்டிக்கு அங்கே நல்ல பொழுது.

அடுத்தது தாவரவியல் பூங்கா. மலாய்க்காரர்கள் இதைக் கெபுன் பூங்கா என்கிறார்கள். மலாயில் பூங்கா என்றால் பூ. நம் காதில் தமிழாகவே விழும். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் பழைய கருங்கல் குவாரிப் பள்ளத்தாக்கைத் தோட்டமாக்கினார். இதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நாகலிங்க மரத்தை அவசியம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலேயே பூ பூத்துக் கிடக்கும். பீரங்கிக் குண்டு போலக் காய் தொங்கும். பூவுக்குள் லிங்கமும் படமெடுத்த நாகமும் இருப்பதாகப் பாட்டி சொல்லட்டும், அவருக்குத்தான் அது நன்றாக வரும்.

"தண்ணீர்மலைன்னு பேரு, தண்ணி எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீர்வீழ்ச்சி இருக்கிறது. பூங்காவுக்குப் பின்னால், 1892-இல் கட்டிய நீர்த்தேக்கத்தோடு சேர்ந்து, குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் போக முடியாது. தேடிக்கொண்டு நடந்து காலை விரயம் செய்யாதீர்கள்.

பத்து மணிக்கெல்லாம் யூத் பார்க்குக்கு வந்துவிடுங்கள். முதலில் குளம், பிறகு சாப்பாடு, அதன் பிறகு ஊஞ்சல். சாப்பிட்ட வயிற்றோடு பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினால் வாந்திதான் வரும்.

குளம் ஆழமில்லாததுதான். அதனாலேயே அம்மாக்கள் கைத்தொலைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், தடுக்கிக் குப்புற விழுந்தால் எழத் தெரியாது. சினிமாவில் வருவது போலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். ஒரு பெரியவருக்கு இருபது நிமிடம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது நிமிடமும் அவர் கையில் கைத்தொலைபேசி கூடாது. "எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தோம்" என்ற இடத்தில்தான் யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

மலையிலிருந்து வரும் ஓடைகளில், அதுவும் மழை பெய்த மறுநாள், காலில் புண் உள்ள பிள்ளையை இறங்க விடாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் நாட்டில் ஆளைக் கொன்றிருக்கிறது.

சாப்பாடும் குரங்கும்

இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் சாப்பாட்டுக்கு முதல் போட்டி குரங்குதான்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய மிச்சம். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. இல்லையென்றால் வறுத்த மீஹூன். தயிர்ச்சோறு பாட்டிக்கும் சின்னதற்கும். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக்கைக் காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள், மதிய வெயில் வரை வைத்தால் ஊசிப்போகும். தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய போத்தலாவது வேண்டும்.

எல்லாவற்றையும் மூடிய டப்பாவில், ஜிப்பு வைத்த பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். நீள வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று தெரியும். உள்ளே ஈரத் துண்டுதான் இருக்கிறது என்று நீங்கள் விளக்க முடியாது. பறித்துக்கொண்டு போனால் போகட்டும், துரத்தாதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சவால். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் குரங்கையும் பார்க்கலாம். அது சாது, மரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும். எந்தக் குரங்குக்கும் தீனி போடக்கூடாது. அனுமார் என்று சொல்லி வாழைப்பழம் நீட்டும் பெரியவர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இன்று வாழைப்பழம் வாங்கிய குரங்கு நாளை வேறொரு பிள்ளையின் கையைக் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கு பொது மருத்துவமனை இங்கிருந்து தூரமில்லை, ரெசிடென்சி சாலையில் இருக்கிறது.

கொசு மருந்து, மாற்றுத் துணி இரண்டு ஜோடி, ஈரத் துணிக்குத் தனிப் பை, உள்ளே போட்டு வழுக்காத செருப்பு. இனிப்பு நீர், இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் அன்றைக்கு மட்டும் "வீட்டுக்குப் போய் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது; மாத்திரையைச் சாப்பாட்டுப் பையிலேயே வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் அழியாத பேனாவால் அம்மாவின் போன் எண்ணை எழுதிவிடுங்கள். காணாமல் போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று வந்ததும் ஒரு பெரிய மரத்தைக் காட்டி வையுங்கள்.

காசு கொடுத்துப் போவதென்றால்

தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பூங்காவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2012-இல் திறந்தது. அதுவும் ஒரு வகையில் பழைய பாணிதான்: மரம் ஏறுவது, கயிற்றில் தொங்குவது, வாய்க்காலில் சறுக்குவது என்று கம்பத்துப் பிள்ளைகள் விளையாடியதை ஒட்டியே அதை அமைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு, மிதவையில் போகும் நீர்ச்சறுக்குகளில் உலகத்திலேயே நீளமானது என்று 2019-இல் கின்னஸ் சான்று பெற்றது. பத்து வயதுக்கு மேற்பட்ட, பயமில்லாத பிள்ளைகளுக்கு அருமையான இடம். ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் பேருந்து நேராகத் தெலுக் பஹாங் போகிறது.

மைகார்ட் உள்ளவர்களுக்குக் கட்டணம் குறைவு, இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது நல்லது. விடுமுறைக் காலம் தவிர, திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். நீச்சல் உடை கட்டாயம். பருத்தி டி-சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். உயர வரம்பை மட்டும் வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். வேறொரு மாநிலத்தில் வேறொரு பூங்காவுக்கு ஒருமுறை எங்கள் குடும்பமே போனோம். என் தங்கை மகள் மூன்று விளையாட்டில் வரிசையில் நின்று, மூன்றிலும் அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைந்து திரும்பி வந்தாள். அவளுக்கும் முழுச் சீட்டு வாங்கியிருந்தோம். பணம் போனது கூடப் பெரிதில்லை. அண்ணன்கள் மேலே போவதைக் கீழே நின்று பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் நான் பயணத்துக்கு முன்னால் அளவுநாடா எடுக்க ஆரம்பித்தேன்.

ஒரே நாளில் யூத் பார்க், எஸ்கேப் இரண்டும் வேண்டாம். எஸ்கேப்புக்குச் சீட்டு வாங்கினால் காலை முதல் மாலை வரை அங்கேயே இருந்தால்தான் கொடுத்த காசு கட்டும். பினாங்கு மலை ரயிலையும் இதோடு சேர்க்கப் பார்க்காதீர்கள். விடுமுறை நாளில் அதன் வரிசையே பாதிப் பகலை விழுங்கிவிடும்.

திரும்பும் வழி

இரண்டு மணிக்குப் பிள்ளைகளுக்குத் துணி மாற்றிவிடுங்கள். மேகம் கறுத்திருக்கும், பிள்ளைகளும் களைத்திருப்பார்கள். சுவாத்தாவ் சந்துக்கு விடுங்கள். நியூ வோர்ல்ட் பார்க்கில் மேலே கூரை உண்டு, மழை கொட்டினாலும் பரவாயில்லை. இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் போதும். தாத்தா உடன் வந்திருந்தால் இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பினாங்குக்கு வந்து போன பழைய ஆள் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கதை இருக்கும், காசு கொடுக்க வேண்டாத மேடை நாடகம் அது.

அதன் பிறகு நேரம் இருந்தால் பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் லிட்டில் இந்தியா. வடை, தேநீர், அம்மாவுக்கு வளையல். பக்கத்திலேயே குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், 1833-ஆம் ஆண்டுக் கோயில், மாலையில் நடை திறந்திருக்கும். அங்கிருந்து ஜெட்டி நடக்கும் தூரம்தான். கட்டணமில்லாத கேட் பேருந்தும் நகருக்குள் சுற்றுகிறது.

காரில் வந்தவர்கள் வேலை நாளென்றால் நாலரைக்குள் பாலம் ஏறுங்கள், முடியாவிட்டால் எட்டு மணி வரை லிட்டில் இந்தியாவிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். ரயிலில் வந்தவர்கள் கடைசி கொமுட்டர் நேரத்தைக் காலையில் பட்டர்வொர்த்தில் இறங்கும்போதே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஜெட்டியில் இருக்க வேண்டும். ஃபெரியில் பிள்ளைகள் தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு நடக்க எத்தனை கை இருக்கிறது என்பதையும் சாமான் வாங்கும் முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.